டேர்போ குடித்த மடு மண்

ஓர் எஞ்சின் எதனால் செத்தது என்று தெரியாமல் அதைத் திரும்பக் கட்டக் கூடாது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு ஏற்கெனவே பாடமாக இருக்கும். தொழிற்பள்ளியில் டெனிஷில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் காரணம் தெரிந்த பிறகு அதை யார் வாயால் சொல்வது, யாருக்கு முதலில் சொல்வது என்று அங்கே சொல்லித்தருவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்கு உங்களிடம் புத்தகம் இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது.

நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த கராஜ், டென்மார்க்கின் வைலே நகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இலையுதிர் காலத்தில் காலை வேளையில் பெரிய கதவைத் தூக்கினால் ஃபியோர்ட் என்கிற கடல் நீரேரியிலிருந்து மூடுபனி நேராக உள்ளே வந்துவிடும். தூரத்தில் நெடுஞ்சாலைப் பாலத்தின் தூண்கள் மட்டும் தெரியும். மேல்தளம் தெரியாது. வாகனங்கள் போகும் சத்தம் மட்டும் மேலே எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் எனக்கு வேலை ஓடாது. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது போனது டீசல், அதற்குப் பின்னால் போனதற்கு சைலன்சர் ஓட்டை என்று சொல்லிக்கொண்டு நிற்பேன். என்னோடு வேலை செய்த ஜென்ஸ், சூடெல்லாம் வெளியே போகிறது, கதவை மூடு என்பான். மனமில்லாமல் மூடுவேன்.

ஜென்ஸைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதிகம் பேசாத டெனிஷ்காரன். ஒரு வேலையை முடித்தபின் இரண்டடி பின்னால் போய் நின்று அதைப் பார்ப்பான். பிறகு திரும்ப வந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பான். கராஜை நடத்தும் எங்கள் மேஸ்டருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்குப் பிடிக்கும். எஞ்சின் கட்டும் வேலை வந்தால் அந்தக் கராஜில் அது எங்கள் இரண்டு பேருக்கும்தான்.

நான் சொல்லவந்த காரைக் கொண்டுவந்தவர் அன்ரனி. மன்னார் பக்கத்து ஆள், நாற்பது வயதுக்கு மேல், ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கார் ஒரு பழைய சுவீடன் கார். நான்கு சிலிண்டர், டேர்போ பூட்டியது. உங்களுக்குத் தெரியும், வீட்டில் யாராவது வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: டேர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றி, அதனால் மேலதிகக் காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் அமுக்கும் சாமான். அமுக்கும் அளவுக்குப் பாய்ச்சல் கூடும். வேகம் எடுக்கும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் மயங்கினவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அன்ரனி அவர்களில் முதல் வரிசை.

கார் நீலப் புகை கக்கிக்கொண்டு வந்தது. ஒயில் குடித்தது. இழுவை இல்லை. எஞ்சினை இறக்கித் திறந்தோம். சிலிண்டர் சுவர்களில் மேலிருந்து கீழாகக் கீறல்கள். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து கத்தி அலகு போலாகிவிட்டன. டேர்போவின் காற்றுச் சக்கரத்தைப் பார்த்தால், யாரோ உப்புத்தாளால் ஆசையாகத் தேய்த்துவிட்டதுபோல் ஓரங்கள் மழுங்கிக் கிடந்தன. இது வயதால் வந்த தேய்வு அல்ல. எஞ்சின் மண் தின்றிருக்கிறது.

மண் தின்ன வழி ஒன்றுதான், அது காற்று போகும் வழி. அந்த வழிக்குக் காவல் காற்று ஃபில்டர். கடைசியாக ஃபில்டர் மாற்றியது வசந்த காலத்தில், எங்கள் கராஜில், ஜென்ஸ்.

அன்ரனி அதைக் கணக்குப் போட அதிக நேரம் எடுக்கவில்லை. மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, உங்கள் ஆள் ஃபில்டரைக் கோணலாகப் போட்டிருக்கிறான், அதுதான் என் எஞ்சினைக் கொன்றது என்று டெனிஷில் சத்தமாகச் சொன்னார். மேஸ்டர் முகம் சிவந்து, வெள்ளிக்கிழமைக்கு முன் காரணம் தெரியவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். ஜென்ஸ் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று மத்தியானம் ரொட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, ஃபில்டர்ப் பெட்டியின் பின்பக்கத்துக் கிளிப்பைப் பூட்டினேனா என்று நினைவு வரவில்லை என்றான். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லையாம். இனி எஞ்சின் வேலையை விட்டுவிட்டு டயர் மாற்றும் பக்கம் போகலாமென்று யோசிக்கிறானாம். எல்லாவற்றையும் இரண்டு தரம் தொட்டுப் பார்ப்பவன் தன் கையையே நம்பாமல் போனால் அந்தக் கை பிறகு வேலைக்கு உதவாது. என் நண்பன் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தான்.

ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியை முழுசாகவே கழற்றித் தட்டில் வைத்திருந்தோம். ஜென்ஸ் அதன் பக்கமே போகவில்லை. மறுநாள் அவன் சாமான் எடுக்கப் பக்கத்து நகரமான கோல்டிங்குக்குப் போனபோது நான் அதைக் கீழே இறக்கினேன். வெளியே வழக்கமான பனி. விளக்கைக் கிட்ட இழுத்துவைத்து, கிளிப்புகளைத் திறக்க முன்னம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் பூட்டித்தான் இருந்தன, பின்பக்கத்து உட்பட. மூடியைத் தூக்கினேன். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு எங்கும் மடங்கவில்லை. அச்சில் வார்த்ததுபோல் அமர்ந்திருந்தது. ஃபில்டருக்குக் கீழே, வெளிக்காற்று வரும் பக்கத்தில், நாங்கள் இலையான் என்று சொல்லும் ஈக்கள் செத்துக் கிடந்தன, இலைத்தூளும் கிடந்தது. அது இருக்கவேண்டிய இடம்தான்.

மேலே, சுத்தமான காற்று மட்டும் போகவேண்டிய பக்கத்தில், மூலையில் மண் இருந்தது.

டென்மார்க் மண் அல்ல. இங்கே மேற்குக் கரை மணல் வெளிறியிருக்கும். இது செம்மை கலந்த பழுப்பு. அதன் பக்கத்தில் தேய்ந்து கிழிந்த ஒரு சின்ன வெள்ளைத் துணி, ஓரம் முழுக்க நீல நூலால் தைத்தது. காற்றை அளக்கும் கருவியின் வலையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பதக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். மாதா.

நான் சைவக்காரன். ஆனால் வன்னி வழியால் லொறியிலும் பஸ்ஸிலும் போய்வந்த யாருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் மண். அந்த மண் இருக்குமிடத்தில் பாம்பு கடிக்காது, ஆபத்து அண்டாது என்று கத்தோலிக்கச் சனம் சின்னப் பொட்டலமாகக் கட்டி வீட்டிலும் வாகனத்திலும் வைத்திருப்பார்கள். சில சைவக்காரரும் வைத்திருப்பார்கள், ஆபத்துக்குச் சமயம் தெரியாது என்பதால். அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூடுபனிக்குள் கொஞ்ச நேரம் எங்கே நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. மடுக் காட்டுப் பாதையும் டென்மார்க்கின் இந்த யூலண்டுப் பனியும் ஒன்றாகக் கலந்துபோய் இருந்தன.

பிறகு மூளை வேலை செய்தது. அன்ரனி இதை வைத்திருக்க முடியாது. அவர் சில வருடங்களுக்கு முன் ஒரு பெந்தக்கோஸ்து சபையில் சேர்ந்தவர். பதக்கம், சுரூபம், மண் ஒன்றும் அவருக்கு ஆகாது. அவருடைய மனைவி றீற்றா கத்தோலிக்கராகவே இருக்கிறார். வீட்டிலிருந்த மாதா சுரூபம் அலுமாரிக்குள் போனது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு திசை, அவ ஒரு திசை என்று எங்கள் சனத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். சண்டை என்று சொல்ல முடியாது. மெல்லிய ஐஸுக்கு மேலே நடப்பதுபோல் இரண்டு பேரும் கவனமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது என் கையில் இருப்பது அந்த ஐஸில் போடக்கூடிய கல். அதைப் போட்டால் என் நண்பன் காப்பாற்றப்படுவான். போடாமல் மறைத்தால் ஒரு குடும்பம் தப்பும். அன்ரனி அன்று பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார். இப்படியான நேரத்தில் உங்களுக்கு உடனே ஒரு தீர்ப்பு வாயில் வந்து நிற்கும். அதை விழுங்குங்கள். முதலில் யாருக்கு எது கடன் என்று பாருங்கள்.

ஜென்ஸுக்குத்தான் முதல் கடன். அவன் வந்து இறங்கியதும் பெட்டியைக் காட்டினேன். கிளிப், ரப்பர் விளிம்பு, ஃபில்டர், எல்லாவற்றையும் அவன் விரலாலேயே தொடவைத்தேன். அவன் ஒரு டயருக்கு மேல் உட்கார்ந்துவிட்டான். அப்படியென்றால் மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். எனக்குத் தெரியும், பின்னேரம்வரை தவணை தா என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு எழுந்துபோய் இரண்டு பேருக்கும் கோப்பி ஊற்றினான். அவனுடைய முதுகு நிமிர்ந்திருந்தது.

அடுத்தது றீற்றா. முதியவர்களை வீட்டில் போய்ப் பராமரிக்கும் வேலை அவவுக்கு. போன் எடுத்து, வேலை முடிய நேரே கராஜுக்கு வாங்கோ, அன்ரனி வர முன்னம் வாங்கோ என்று மட்டும் சொன்னேன். வேலை உடுப்போடேயே வந்தா. துணியையும் பதக்கத்தையும் ஒரு சுத்தமான கடதாசியில் வைத்து நீட்டினேன். அவ உடனே சிலுவை அடையாளம் போட்டா.

"இது கிழிஞ்சு போச்சோ அண்ணை?"

கிழிந்து, உள்ளே போய், என்னென்ன செய்தது என்று மெதுவாகச் சொன்னேன். பிரித்துப் போட்டிருந்த எஞ்சினை அவ அப்போதுதான் திரும்பிப் பார்த்தா. ஏன் அந்த இடத்தில் வைத்தீர்கள் என்று கேட்டேன். அன்ரனி ஒருநாள் காரின் முன்மூடியை, பொனெற்றைத் திறந்துவைத்துக் கூட்டாளி ஒருவருக்கு, இதாலதான் கார் மூச்சு எடுக்கிறது என்று அந்தப் பெட்டியைக் காட்டினாராம். மூச்சு எடுக்கிற இடத்தில் மாதா இருக்கட்டும் என்று நினைத்தாவாம். கிளிப்பைக் கையாலேயே திறந்திருக்கிறா. முதலில் ஃபில்டருக்குக் கீழேதான் வைக்கப் பார்த்திருக்கிறா.

"கீழ ஒரே செத்த இலையான். அதுக்குள்ளை எப்பிடி அண்ணை கோயில் மண்ணை வைக்கிறது? மேல துப்புரவா இருந்துது."

தம்பி தங்கைகளே, கீழே வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கும். பக்தியால்தான் அந்த எஞ்சின் போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவவுக்கு முன்னால் காட்டவில்லை.

அவருக்குச் சொல்லாமல் விட ஏலாதோ என்று கேட்டா. வாய் திறந்து கேட்கவில்லை, கண்ணால்.

"நான் பொய் சொல்லமாட்டன் பிள்ளை," என்றேன். "ஜென்ஸின்ரை பேர் ஊர் முழுக்கக் கெட்டுப்போய் நிக்குது. அவர் வந்து கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவன். ஆனா எனக்கு முந்தி நீங்கள் சொல்லலாம். அதுக்குத்தான் கூப்பிட்டனான்."

அவ போய் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டா. நான் எனக்கு இல்லாத வேலை ஒன்றைத் தேடிப்போனேன். வெளியே வெளிச்சம் மங்கி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது.

அன்ரனி வந்தார். மனைவியைக் கண்டு திகைத்தார். காரணம் கண்டுபிடித்தாச்சா என்று என்னிடம்தான் கேட்டார். நான் றீற்றாவைப் பார்த்தேன். 

"ஜென்ஸ் இல்லை," என்றா றீற்றா. "நான்தான்."

கடதாசியை விரித்துக் காட்டினா. அன்ரனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய குரல் உண்மையில் தாழ்ந்துதான் வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா எறிஞ்சிருப்பியள்."

அவர் மறுக்கவில்லை. பாம்புக்குத்தானே இந்த மண், வைலேயில் எங்கே பாம்பு என்று ஏளனமாகவோ உண்மையாகவோ என்னவோ ஒன்று சொன்னார். அதற்கு அவ சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன்.

"பாலத்தில நீங்கள் போற வேகத்துக்கு என்னட்டை வேறை என்ன இருக்கு? சொல்லிப் பாத்தன், சிரிக்கிறியள். ஒவ்வொரு பின்னேரமும் ஜன்னலுக்குப் பக்கத்தில நிண்டு அந்தச் சீழ்க்கைச் சத்தம் வருதோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறன். வந்தாத்தான் அடுப்பை மூட்டுறன்."

 அன்ரனி அந்தத் துணியைத் தொட்டார். மத நம்பிக்கையால் அல்ல. அதிலிருந்த தையலைத் தொட்டுப் பார்த்தார், அவ கையால் தைத்தது. பிறகு ஜென்ஸிடம் போய், தான் சொன்னது பிழை, மன்னிக்கவேண்டும், மேஸ்டரிடமும் தானே சொல்கிறேன் என்றார். ஜென்ஸ் கையைக் கொடுத்தான். அவனுக்கு நடந்தது பாதிதான் விளங்கியிருந்தது. விளங்கிய பாதி அவனுக்குப் போதுமாக இருந்தது.

எஞ்சினைக் கட்டத் தொடங்கினோம். மண் தின்ற எஞ்சினில் வேலையின் பெரும்பகுதி கழுவுவதுதான். ஒயில் போகும் துளை ஒவ்வொன்றும், காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் மடிப்பு ஒவ்வொன்றும். கழுவக் கழுவத் தட்டின் அடியில் சிவப்பாய் ஒரு படலம் வந்துகொண்டேயிருந்தது. அந்த நாட்கள் எனக்கு ஒரு கனவுபோலத்தான் இருக்கின்றன. கண்ணாடிக் கூரையில் மழை, பெற்றோல் வாசம், தட்டில் மடு மண். ஒருநாள் ஜென்ஸ், இதை வடிகாலில் ஊற்றலாமா என்று கேட்டான். நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், அவனே ஒரு கோப்பிக் கடதாசியை எடுத்து வடிகட்டி, மண்ணை உலரவைத்து, ஜாம் போத்தல் ஒன்றில் போட்டு றீற்றாவிடம் கொடுத்தான். அவ அதை இரண்டு கையாலும் வாங்கினா.

கட்டி முடிக்கும் தறுவாயில் அன்ரனி ஒரு சங்கதி கேட்டார். எஞ்சின் புதிசுபோல ஆகிவிட்டதுதானே, டேர்போ அமுக்கும் காற்றின் அளவை, அந்த பூஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் என்ன, ரோட்டுக்குத்தான், ரேஸுக்கு இல்லை என்றார். பழைய ஆசை. அனுமதிக்கு உட்பட்ட அளவு என்று வைத்துக்கொண்டால் அது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் எனக்கு ரோட்டு எஞ்சின் பற்றி ஒரு பிடிவாதம் உண்டு. ரோட்டில் ஓடும் எஞ்சினுக்குப் பெருமை, நவம்பர் மாத ஈரக் காலையில் முதல் திருகலிலேயே பிடிப்பதும், வரிசையில் நிற்கும்போது குலுங்காமல் நிற்பதும்தான். அதை அன்று அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. முதலில் ரிங் இருக்கட்டும், அதற்குப் பிறகு கேளுங்கள், செய்து தருகிறேன் என்றேன்.

ரிங் இருப்பது என்றால், புது ரிங் சிலிண்டர் சுவரோடு உரசிப் பழகிப் பொருந்துவது. அதுவரை எஞ்சினை அடித்து ஓட்டக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் விடவும் கூடாது. மேடு பள்ளமான சின்ன ரோட்டுகளில், மிதித்தும் விட்டும், பதமாக ஓட்டவேண்டும். உங்கள் கால் பாரமான கால் தம்பி, ரிங் இருக்கும்வரை றீற்றா ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து சத்தத்தைக் கவனியுங்கள் என்றேன். தொழில் முறைப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். தொழிற்சாலையில் மெஷினோடு வேலை செய்கிறவர், நான் எதற்காகச் சொல்கிறேன் என்று விளங்காமல் இருக்காது. காரின் திறப்பை எடுத்து அவவிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர்களைப் பற்றிக் காதில் விழுந்தவை கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ அவரைச் சபையில் இறக்கிவிட்டுப் பூசைக்குப் போகிறாவாம். முடிய வந்து ஏற்றிக்கொண்டு, பாலத்தால் வராமல் ஃபியோர்டைச் சுற்றி வளைந்து வருகிற ரோட்டால் வீட்டுக்கு வருகிறார்களாம். ஒருநாள் நானே கண்டேன். கரையோரம் மூடுபனிக்குள் அந்தக் கார் மெதுவாக வந்து மெதுவாகப் போனது. உள்ளே இரண்டு பேரும் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். சீழ்க்கைச் சத்தம் இல்லை. நான்கு சிலிண்டரும் ஒரே மூச்சில் ஓடும் தாழ்ந்த சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று கேட்டது.

பிறகு ஒருநாள் ஒயில் மாற்ற வந்தார்கள். மாற்றி முடிந்ததும் அவ காரை வெளியே எடுத்து, ஸ்டியரிங்கிலேயே இருந்தா. அன்ரனி உள்ளே வந்தார். வடித்த பழைய ஒயிலை விரலில் தொட்டுப் பார்த்திருந்தேன், தங்கம்போல இருந்தது. எஞ்சினின் சத்தத்தை அவர் வரும்போதே கேட்டிருந்தேன். ரிங் எப்போதோ இருந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும்.

வாக்குக் கொடுத்தவன் நான், அதனால் நானே கேட்டேன்: "எல்லாம் சரி தம்பி. பூஸ்ட்டைக் கூட்டுவமோ?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். றீற்றா கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்திருந்தா. வேலைக் களைப்பு. எஞ்சினை நிறுத்தவில்லை, அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் அண்ணை," என்றார். "ரிங் இன்னும் இருக்கேல்லை, அவவே ஓட்டட்டும் எண்டு அவவிட்டைச் சொல்லிவிடுங்கோ."

நான் வெளியே போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினேன். அவ கண்ணைத் திறந்து கண்ணாடியை இறக்கினா. சொன்னேன். அவ தலையைச் சரித்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டா.

"ஓம் அண்ணை," என்றா. "எனக்கும் அப்பிடித்தான் கேக்குது."

அன்ரனி வந்து பக்கத்துச் சீட்டில் ஏறினார்.